முன்பணம் கட்டும் கார் சர்வீஸ் பேக்கேஜ்: நம்ம கடற்கரைக்கு ஒத்து வருமா?

புது கார் எடுக்கப் போகிற சொந்தக்காரர்கள் ஷோரூமில் உட்கார்ந்தபடியே எனக்குப் போன் போடுவார்கள். "அண்ணே, நாலு வருஷ சர்வீஸுக்கு இப்பவே பணம் கட்டிட்டா லாபம்னு சொல்றாங்க. கட்டவா, வேண்டாமா?" என்பதுதான் கேள்வி. ஐந்து நிமிடத்தில் போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்கிற ஊரில் குடியிருக்கிறேன். பன்னிரண்டு வருடமாகக் கார் வைத்திருக்கிறேன். முதல் காருக்கு இந்த பேக்கேஜை வாங்கினேன், இரண்டாவது காருக்கு வாங்கவில்லை. அடிக்கடி கேட்கப்படுகிற கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ கார் ஓட்டுகிறவருக்குக் கணக்கு வேறு. தொண்டி முதல் சாயல்குடி வரை, அப்புறம் பாம்பன் தாண்டி ராமேஸ்வரம் தீவு என்று கடலை ஒட்டி இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த பேக்கேஜ் என்றால் என்ன? வாரண்டியும் இதுவும் ஒன்றா?

ஒன்று இல்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

சர்வீஸ் பேக்கேஜ் என்பது வரப்போகிற வழக்கமான சர்வீஸ்களுக்கு இன்றைக்கே பணம் கட்டி வைப்பது. இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் ஆயில், கூலன்ட், இவற்றுக்கான லேபர். அவ்வளவுதான். ஏதாவது உடைந்தால் இது வராது.

எக்ஸ்டெண்டட் வாரண்டி என்பது கம்பெனி வாரண்டி முடிந்த பிறகு, தயாரிப்புக் குறையால் ஒரு பாகம் கெட்டுப்போனால் மாற்றித் தருவது. விபத்தையும் வெள்ளத்தையும் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். மூன்றும் மூன்று தனிக் காகிதங்கள். ஷோரூமில் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி, ஒரே தொகையாக எழுதிக் காட்டுவார்கள். பிரித்து எழுதச் சொல்லுங்கள். பிரித்துப் பார்த்தால்தான் எதற்கு எவ்வளவு என்று தெரியும்.

முதல் மூன்று சர்வீஸ் இலவசம் என்கிறார்களே, பிறகு எதற்குப் பணம்?

பெரும்பாலான கார்களில் அது லேபருக்கு மட்டும்தான் இலவசம். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு கொடுக்க வேண்டும். பல கார்களுக்கு 1,000, 5,000, 10,000 கிலோமீட்டர் என்றோ, ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்றோ, எது முந்துகிறதோ அதன்படி இந்த மூன்றும் வரும். உங்கள் காருக்கு என்ன என்பது கையேட்டில் இருக்கும்.

இந்த "இலவச லேபர்" விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிலில் இதனால்தான் ஒரு தொகை குறையப் போகிறது.

லாபமா நஷ்டமா என்று எப்படிக் கணக்குப் போடுவது?

என் தங்கச்சி மாப்பிள்ளை ஒரு சின்ன பெட்ரோல் காருக்குக் கொட்டேஷன் வாங்கி வந்தார். நான்கு வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர், வரி சேர்த்து 21,500 ரூபாய். கூடவே ஒரு ஒப்பீட்டுத் தாள். தனித்தனியாக சர்வீஸ் செய்தால் 27,000 ஆகும், ஆக 5,500 மிச்சம் என்று அதில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

இருவரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கார் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சர்வீஸ் அட்டவணையையும் அந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முதல் வருட சர்வீஸில் லேபர் என்று 1,900 ரூபாய் எழுதியிருந்தது. அது இலவச சர்வீஸ்! பேக்கேஜ் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தப் பணம் கட்டத் தேவையில்லை. இன்னொரு இடத்தில் இன்ஜின் ஃப்ளஷ், ஏசிக்குள் அடிக்கும் ஸ்ப்ரே என்று 1,600. கையேட்டில் அந்த இரண்டுமே இல்லை. இவற்றைக் கழித்ததும் 27,000 என்பது 23,500 ஆகிவிட்டது. வருடவாரியாகச் சொன்னால் 2,600, 5,800, 5,400, 9,700. நாலாவது சர்வீஸ்தான் பெரிசு. பிளக், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில் எல்லாம் அதில் வந்து விழுகின்றன.

ஆக, இன்றைய விலையில் மிச்சம் 2,000. ஆனால் விலை ஏறுமே என்பார்கள். நியாயமான கேள்விதான். வருடத்துக்கு 5 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால் நான்கு வருட மொத்தம் ஏறக்குறைய 27,165 வரும். அப்போது மிச்சம் 5,665 மாதிரி தெரியும். சரி, அந்த 21,500 ரூபாயை ஷோரூமில் கொடுக்காமல் 6.5 சதவீத வட்டிக்குப் போட்டு வைத்து, வருடா வருடம் சர்வீஸ் பில்லுக்கு அதிலிருந்தே எடுத்துக் கட்டினால்? முதல் வருடக் கடைசியில் கையில் 20,167 இருக்கும். இரண்டாவதில் 15,084. மூன்றாவதில் 9,814. நாலாவது பில் கட்டும்போது சுமார் 1,340 ரூபாய் குறையும்.

அந்த 1,340 ரூபாய்தான் இந்த பேக்கேஜின் உண்மையான லாபம். அதுவும் நான்கு சர்வீஸையும் ஒன்று விடாமல், தேதி தவறாமல் செய்தால்.

நாலாவது சர்வீஸைத் தவற விட்டீர்கள் என்று வையுங்கள். மாற்றல் ஆகிப் போனீர்கள், காரை விற்றீர்கள், தேதியை மறந்தீர்கள். ஏதோ ஒன்று. மூன்று சர்வீஸுக்கு விலை ஏற்றத்தோடு சேர்த்தே 15,375 ரூபாய்தான் ஆகியிருக்கும். நீங்கள் கட்டியது 21,500. ஆறாயிரத்துக்கு மேல் போச்சு. கிடைத்தால் ஆயிரத்துச் சொச்சம், தவறினால் ஆறாயிரம்.

உங்கள் காருக்கு எண்கள் வேறாக இருக்கும். டீசல் என்றால் ஃபியூயல் ஃபில்டரும் சேரும். சில நேரம் ஷோரூமில் விலையை நன்றாகவே குறைப்பார்கள், அப்போது கணக்கு உங்கள் பக்கம் சாயலாம். ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான். பழைய விலைப்பட்டியலை வைத்துக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கார் உதிரிபாகங்களுக்கு இருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதற்கு முந்தைய தாளில் "தனியாகச் செய்தால் ஆகும் செலவு" கூடுதலாகவே இருக்கும்.

கார் லோனோடு சேர்த்துவிட்டால் மாதம் நானூறு சொச்சம்தான் என்கிறார்களே?

21,500 ரூபாயை 9 சதவீத வட்டியில் ஐந்து வருட லோனில் சேர்த்தால் மாதம் 446 ரூபாய். அறுபது மாதம் கட்டி முடிக்கும்போது 26,780 ஆகியிருக்கும். மேலே சொன்ன லாபம் எல்லாம் வட்டிக்கே சரி. லோனில் சேர்த்து மட்டும் வாங்காதீர்கள். கையில் காசு இருந்தால் யோசிக்கலாம்.

உப்புக் காத்துல கெட்டுப் போறதை இந்த பேக்கேஜ் பாத்துக்குமா?

பார்த்துக்காது. இந்தப் பக்கத்தை நான் எழுதக் காரணமே இந்தக் கேள்விதான்.

நம்ம ஊரில் கார் கிலோமீட்டரால் கெடுவதைவிட உப்பால் கெடுவதுதான் அதிகம். காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், துரு ஆராய்ச்சிக்கென்று மண்டபம் முகாமிலேயே ஒரு மையம் வைத்திருக்கிறது. இரும்பு அரிப்பதைப் பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா? 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைக் காலமெல்லாம் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்துத்தான் காப்பாற்றினார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்துக்கு பாலிசிலோக்சேன் என்கிற தனிப் பூச்சு அடித்திருக்கிறார்கள், உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். அந்தப் பாலத்துக்குப் பக்கத்துப் பாலத்தில்தான் நம் கார்கள் தினமும் போய் வருகின்றன.

ஐப்பசி பிறந்து வாடைக் காற்று எடுத்தால் வடகடலில் இருந்து, அதாவது பாக் நீரிணைப் பக்கமிருந்து, சாரல் ரோட்டுக்கே வரும். காலையில் கார் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றுக் காலத்தில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கத்துக்கு இதே கதை. அந்த உப்பு எங்கெல்லாம் போய் உட்காருகிறது என்று என் முதல் காரை வைத்தே சொல்கிறேன்.

மூன்றாவது வருடம் சைலன்சரின் பின்பக்கக் குழாய் இணைப்பில் ஓட்டை விழுந்தது. பேக்கேஜில் கிடையாது. நாலாவது வருடம் ஏசி குளிரவில்லை. பானெட்டைத் திறந்து, ஏசியின் சூட்டை வெளியே விடுவதற்காக முன்னால் இருக்கும் கண்டென்சரை ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாகத் தட்டிக் காட்டினார் சர்வீஸ் அட்வைசர். வலை வலையாக இருக்கும் அலுமினியத் தகடு வெள்ளைப் பொடியாகக் கொட்டியது, விபூதி மாதிரி. அதுவும் பேக்கேஜில் கிடையாது. வாரண்டி காகிதத்தை எடுத்தால், உப்பு, காற்று, சுற்றுச்சூழலால் ஏற்படும் அரிப்பு சேராது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. பிறகு கண்டென்சரை மாற்ற 9,400 ரூபாய் கையிலிருந்து போனது. என் பேக்கேஜில் அன்றைக்கு ஒரு ஆயில் சர்வீஸ் பாக்கி இருந்தது, ஏசி இல்லாமல் ஆயில் மட்டும் மாற்றிக்கொண்டு வந்தேன்.

பிரேக்கைத்தான் நான் ரொம்பக் கவலையோடு சொல்ல விரும்புகிறேன். டிஸ்க் பிரேக்கில் பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்துகிற பாகத்துக்குக் கேலிப்பர் என்று பெயர். அது முன்னும் பின்னும் நகர்வதற்கு இரண்டு பின் இருக்கும், விரல் தடிமனில். ரப்பர் உறை கிழிந்து உள்ளே உப்புத் தண்ணீர் போனால் பின் இறுகிப்போகும். இறுகினால் ஒரு பக்க பேட் மட்டும் தேய்ந்துகொண்டே போகும், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சர்வீஸ் சென்டரில் செய்த வேலைகளை எழுதித் தரும் என் ஜாப் கார்டில் "பிரேக் சரிபார்ப்பு" என்ற இடத்தில் டிக் அடித்திருந்தது. மறு மாதம் உச்சிப்புளி மெக்கானிக் ஒருவர் சக்கரத்தைக் கழற்றினார். சுத்தியலால் தட்டித்தான் அந்தப் பின்னை வெளியே எடுக்க முடிந்தது. வெளியே வந்தபோது பாதி நீளத்துக்குச் செம்மண் பூசினது போல இருந்தது. உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்து, பிரேக்குக்கு உரிய கிரீஸ் தடவி மாட்டினார். 400 ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யச் சொன்னார், செய்கிறேன், அதன்பிறகு அந்தத் தொல்லை இல்லை. பேக்கேஜில் இந்த வேலை இருக்கிறதா என்று கேட்டால் "செக் பண்ணுவோம்" என்பார்கள். பின்னைக் கழற்றி கிரீஸ் போடுவீர்களா என்று அப்படியே அதே வார்த்தையில் கேளுங்கள்.

பேட், கிளட்ச், வைப்பர் ரப்பர், டயர், பேட்டரி இவையும் சாதாரண பேக்கேஜில் வராது. தேயும் பாகங்களையும் சேர்த்து விலை கூடிய பேக்கேஜ் ஒன்று இருக்கும். அதிலும் எந்தெந்தப் பாகம், எத்தனை தடவை என்று எழுதியிருக்கும். "எல்லாம் கவர் ஆகும் சார்" என்ற வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

அப்படியானால் அந்தப் பணத்தை வேறு எதில் போடலாம்?

முதலில் அடிப்பகுதிக்குத் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் அண்டர் கோட்டிங். கார் புதிதாக, காய்ந்து, துரு தொடாமல் இருக்கும்போதே அடிக்க வேண்டும். துருவின் மேலேயே பூசினால் உள்ளே அரிப்பது தொடரும், கண்ணுக்குத்தான் தெரியாது. அடிப்பவரிடம் கதவுகளின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள் என்று சொல்லுங்கள். அடைத்தால் கதவுக்குள் தண்ணீர் நின்று உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மழைக்காலம் முடிந்ததும், தை மாதம் வாக்கில், ஒருமுறை வண்டியை ஏற்றிப் பார்த்து உரிந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பூசினால் போதும்.

அடுத்தது கழுவுவது. இதில் நம்ம ஊர்க்காரர்களே செய்யும் தவறு ஒன்று உண்டு. போர் தண்ணீரில் கழுவுகிறோம். கடலோரத்தில் பல வீட்டுப் போர் தண்ணீரே உப்பு! உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர் ஊற்றுகிறோம். குடம் விலை கொடுத்து நல்ல தண்ணீர் வாங்கும் ஊரில் காருக்கு ஊற்றச் சொன்னால் மனசு வராது, எனக்கும் வராது. அதனால் தினமும் வேண்டாம். தனுஷ்கோடி போய் வந்தால், அல்லது வாடைக் காலத்தில் வாரம் ஒருமுறை, நாலு வாளி நல்ல தண்ணீர் மட்டும் எடுத்து சக்கர வளைவுக்குள்ளும் அடியிலும் அடியுங்கள். மேலே ஈரத் துணியால் துடைத்தால் போதும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றவே கூடாது, கூலன்ட் மட்டும்தான்.

மீன் பெட்டி ஏற்றுகிறவர்கள் டிக்கி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஐஸ் உருகிய தண்ணீர் மீனின் உப்போடு சேர்ந்து ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் போய் நிற்கும். என் மச்சான் காரில் அந்தப் பள்ளத்தில் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் அரை அங்குலம் நின்றது. மீன் மணம் என்று அவர் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார்.

மிச்சப் பணத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டியைப் பார்க்கலாம். எலெக்ட்ரானிக் பாகங்கள் நிறைந்த இந்தக் காலத்துக் காருக்கு, சர்வீஸ் பேக்கேஜைவிட அது உபயோகம் என்பது என் எண்ணம். அதிலும் விலக்குகளைப் படித்துவிட்டுத்தான்.

வீட்டுக்காரர் துபாயில். கார் கீழக்கரையில் நிற்கிறது, வருடம் 3,000 கிலோமீட்டர்கூட ஓடாது. எங்களுக்கு?

ஓட்டம் குறைவு என்பதால் சர்வீஸ் வேண்டாம் என்று ஆகாது. கிலோமீட்டர் வராவிட்டாலும் வருடம் ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். வாரண்டிக்கும் அதுதான் நிபந்தனை. ஆகவே வீட்டில் யாராவது பொறுப்பாக வருடா வருடம் ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய் விடுவார்கள் என்றால், உங்களுக்கும் அதே 1,340 ரூபாய் கணக்குதான்.

நான் பார்த்த வரையில் அப்படி நடப்பதில்லை. அவர் லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போகும். தவணை தாண்டிய சர்வீஸ் அடுத்த வருடத்துக்குச் சேராது, போனது போனதுதான். வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

நிற்கிற காருக்கு வேறு கவனம் தேவை. ஹேண்ட் பிரேக் போட்டு மாதக் கணக்கில் நிறுத்தினால் பின் சக்கர டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி விடுங்கள். வாரம் ஒருமுறை இருபது நிமிடமாவது ஏர்வாடி வரை ஓட்டிவிட்டு வருவது எந்த பேக்கேஜையும்விட நல்லது.

ராமேஸ்வரத்தில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன்.

டி போர்டு வண்டிக்கு இந்த பேக்கேஜ் பொருந்துமா என்பதை முதலில் கேளுங்கள். பல திட்டங்கள் சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கு மட்டும்தான், வாடகை வண்டிக்கு வேறு விலை இருக்கும். பொருந்தினாலும், 40,000 கிலோமீட்டரை நீங்கள் ஒரே வருடத்தில் முடித்துவிடுவீர்கள். விலை ஏற்றத்திலிருந்து தப்பிப்பது என்ற லாபம் அங்கே இல்லை.

தனுஷ்கோடி சவாரி அதிகம் என்றால் இன்னொன்று. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் ரோடு வந்த பிறகு எல்லாக் கார்களும் கடைசி வரை போகின்றன. இரண்டு பக்கமும் கடல், ரோட்டின் குறுக்கே மணல். ஏர் ஃபில்டரும் ஏசி ஃபில்டரும் கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே அடைத்துவிடும். பல கையேடுகளில் தூசி நிறைந்த இடத்தில் ஓட்டுவோருக்குத் தனி அட்டவணை உண்டு, அதைப் பாருங்கள். பேக்கேஜ் சாதாரண அட்டவணைப்படிதான் மாற்றித் தரும்.

எந்த ஊர் சர்வீஸ் சென்டரிலும் செல்லுமா?

இதை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியே தரும் பேக்கேஜ் என்றால் நாடு முழுவதும் அவர்களுடைய எந்த சர்வீஸ் சென்டரிலும் செல்லும். டீலர் தானாகப் போட்டுத் தரும் பேக்கேஜ் அவருடைய கிளைகளில் மட்டும்தான். மதுரையில் விலை குறைவு என்று அங்கே கார் எடுப்பவர்கள் நம் பக்கம் நிறைய. ராமநாதபுரத்திலிருந்து மதுரை 115 கிலோமீட்டர் மாதிரி. ஒரு ஆயில் மாற்றுவதற்கு ஒரு நாள் லீவு, போக வர பெட்ரோல், மதுரையில் சாப்பாடு. அந்த பேக்கேஜில் மிஞ்சும் ஆயிரத்துச் சொச்சம் ஒரே பயணத்தில் கரைந்துவிடும்.

பேக்கேஜ் எடுக்காவிட்டால் வாரண்டி போய்விடும் என்று சொன்னார்கள்.

தவறு. வாரண்டிக்குத் தேவை, நேரத்துக்கு சர்வீஸ் செய்ததற்கான பதிவு. பணத்தை முன்னால் கட்டினீர்களா, அன்றைக்குக் கட்டினீர்களா என்பது வாரண்டிக்குச் சம்பந்தமே இல்லை.

இதைத் தாண்டி ஒன்று. வெளியில் சர்வீஸ் செய்தாலே வாரண்டி ரத்து என்று மொத்தமாக நிபந்தனை போடக்கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகள் மீது உத்தரவு போட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. நடைமுறையில், வாரண்டி இருக்கும் வரை கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே செய்வது வம்பு இல்லாத வழி. வாரண்டி முடிந்ததும் தாராளமாக உள்ளூர் மெக்கானிக்கிடம் போகலாம். தினமும் உப்புத் தின்ற வண்டிகளையே பார்க்கிற கை அது. கையேட்டில் சொன்ன தரத்தில் ஆயிலை நீங்களே டின்னாக வாங்கிக் கொடுங்கள், சீல் உங்கள் முன்னால் உடையட்டும்.

இன்றைக்கே கட்டினால்தான் இந்த விலை என்கிறார்கள்.

பல கம்பெனிகளில் முதல் சர்வீஸ் வரும் வரைக்கும்கூடச் சேர முடியும். "கடைசி நாள் எது என்று எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள்.

காரை இடையில் விற்றாலோ, விபத்தில் போனாலோ கட்டிய பணம்?

திட்டத்துக்குத் திட்டம் மாறும். சிலவற்றில் வாங்குகிறவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்கு ஒரு கட்டணம் இருக்கும். திரும்பத் தருவது அபூர்வம். மூன்று வருடத்தில் கார் மாற்றும் வழக்கம் உள்ளவர் நான்கு வருடத் திட்டம் எடுக்கவே கூடாது.

மின்சார காருக்கு?

இன்ஜின் ஆயிலே இல்லை, பிளக் இல்லை. முன்பணம் கட்டுவதற்கு அதில் வேலை ரொம்பக் குறைவு. கேலிப்பர் பின்னும் கண்டென்சரும் அதிலும் உண்டு, உப்பு அதையும் விடாது.

அப்படியானால் யார்தான் எடுக்கலாம்?

வருடம் பத்தாயிரம் கிலோமீட்டர் ஒழுங்காக ஓடுகிறவர், ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர், கையில் காசு வைத்திருப்பவர், நாலு வருடம் அதே காரை வைத்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர். அப்புறம், சர்வீஸ் தேதி வரும்போது வீட்டில் வேறு செலவு வந்துவிட்டால் சர்வீஸைத் தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவர். கடைசியாகச் சொன்னவருக்காகத்தான் நான் இந்தத் திட்டத்தை முழுக்க ஒதுக்காமல் இருக்கிறேன். முன்னாலேயே கட்டிய காசு அவரை சர்வீஸ் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போகும். ஆயில் மாற்றாமல் இன்ஜின் பிடித்துக்கொண்டால் ஆகும் செலவுக்கு முன்னால் ஆறாயிரம் நஷ்டம் ஒன்றுமே இல்லை. என் சித்தப்பா அந்த வகை. அவருக்கு நானே எடுக்கச் சொன்னேன்.

பேக்கேஜில் இருந்த வேலைக்கு மறுபடி பணம் வாங்கிவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில் சர்வீஸ் மேனேஜருக்கு எழுத்தில் கொடுங்கள், பிறகு கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. கார் மதுரையில் வாங்கியிருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

அதற்கு பேக்கேஜ் காகிதம், ஜாப் கார்டு, பில் மூன்றும் வேண்டும். சர்வீஸ் சென்டரில் சின்ன மெஷினில் அடித்துத் தரும் பில்லை டாஷ்போர்டு அறைக்குள் போட்டு வைக்காதீர்கள். நம்ம வெயிலுக்கு ஒரே கோடையில் எழுத்து அழிந்து வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். வாங்கிய அன்றே போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.